இரண்டு டேட்டா சென்டர், ஒரே நெட்வொர்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்எஸ்எக்ஸ் (விஎம்வேரின் நெட்வொர்க் மென்பொருள்) வைத்து இரண்டு தளங்களுக்கும் ஒரே செக்மென்ட்டை, அதாவது ஒரே சப்நெட்டை, நீட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் காலத்துக் கூத்துகளையே மறுபடி நடத்துகிறார்கள். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

வருகிற வழி ஒன்று, போகிற வழி வேறு

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். டிஸ்ட்ரிபியூட்டட் ஃபயர்வால் ஒவ்வொரு விஎம்மின் (விர்ச்சுவல் மெஷின்) நெட்வொர்க் கார்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. விமோஷனில், அதாவது அணைக்காமலே, விஎம் வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்ந்தால் ரூலும் கனெக்‌ஷன் விவரமும் கூடவே போகும். இதில் பழகியவர்கள், தளத்தின் வாசலில் இருக்கும் ஃபயர்வாலையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது எங்கேயும் நகராது.

ஓரிடத்தில் பராமரிப்புக்காக ஒரு வெப் சர்வரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினார்கள். அதன் சப்நெட்டை பிஜிபியில் (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் முறை) அறிவித்துக்கொண்டிருந்தது முதல் தளம். எனவே கனெக்‌ஷனைத் தொடங்கும் சின் பாக்கெட் அந்த வாசல் வழியாகவே வந்தது. சர்வரோ அதற்குப் பதிலான சின்-ஆக்கைப் பக்கத்துக் கேட்வேயிடம் கொடுத்தது. அங்கிருந்த ஃபயர்வால் அந்த சின்னைப் பார்த்ததே இல்லை, தூக்கிப் போட்டுவிட்டது. பாக்கெட் கேப்சரில், பதில் கிடைக்காத அதே சின் 1, 3, 7 விநாடிகளில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

பொறுப்பிலிருந்த இளைஞர், எங்கிருந்தும் எங்கேயும் போகலாம் என்ற எனி-எனி அலவ் ரூல் போட்டார். பலனில்லை. இருக்கவும் இருக்காது, சின்னைக் காணாத கனெக்‌ஷனின் சின்-ஆக் ஸ்டேட் சோதனையிலேயே விழுந்துவிடும். அப்புறம் அந்தச் சோதனையையே அணைத்தார். சைட் திறந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எனி-எனியும் அணைத்த சோதனையும் அடுத்த ஆடிட் வரை அப்படியே கிடந்தன.

ஒரு சப்நெட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே வாசல் போதும். வெளியுலகோடு பேசும் ரூட்டரான டியர்-0வில் ஒரு தளத்தை பிரைமரி ஆக்குங்கள். மற்றத் தளத்தின் அறிவிப்பை ஏஎஸ் பாத் பிரிபெண்ட் செய்து, அதாவது அந்த வழியை நீளமாகக் காட்டி, பின்னுக்குத் தள்ளுங்கள். தளங்களுக்கு இடையே டிராஃபிக் கூடும், கூடட்டும். லோக்கல் எக்ரெஸ்தான் (விஎம் இருக்கும் தளத்திலேயே வெளியேறுவது) வேண்டும் என்றால், வருகிற வழியையும், ஒற்றை முகவரிக்கான /32 ரூட் போட்டு விஎம் இருக்கும் தளத்துக்கு இழுக்க வேண்டும். அது நிறுவனத்தின் சொந்த வான் (WAN) நெட்வொர்க்குக்குள்தான் எடுபடும். இன்டர்நெட்டில் /24ஐ (256 முகவரி) விடச் சிறிய ரூட்டை யாரும் பெரும்பாலும் வாங்குவதில்லை.

எம்டியூ

எம்டியூ என்பது லிங்க் தாங்கும் பாக்கெட்டின் உச்ச அளவு. பாக்கெட்டை உறையிட்டு அனுப்பும் விஎக்ஸ்லேன் 50 பைட் கூட்டும், ஜெனீவ் அதற்கும் மேலே போகலாம். தளங்களுக்கு இடைப்பட்ட லிங்க் உட்பட எல்லா இடத்திலும் குறைந்தது 1600 வையுங்கள். சாதாரண பிங் போகிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பாக்கெட்டை உடைக்காதே என்னும் டிஎஃப் பிட்டோடு 1572 பைட் (ஹெடர் சேர்ந்து 1600) போட்டுப் பாருங்கள்.

கடைசி ரூல்

ஃபயர்வாலில் வேறெந்த ரூலிலும் பொருந்தாதது வந்து விழும் கடைசி ரூலே அலவ் என்றால், மேலே பார்த்துப் பார்த்து எழுதிய அலவ் எல்லாம் எதற்கு?

குளோபல் மேனேஜர்

எல்லாத் தளங்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது இது. இதன் ஸ்டாண்ட்பையை, ஆக்டிவ் இருக்கும் அதே தளத்தில் வைக்காதீர்கள்.