வெளியாள் யாருமில்லைத்தானே? வீட்டில் போடும் போக்கர் மேசையும் சட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கடதாசி ஆட்டம் தெரியாத வீடு அரிது. செத்தவீட்டில் விடியும்வரை கண்விழித்திருக்க முன்னூற்று நாலு ஆடுவார்கள். கடலுக்குப் போக முடியாத நாட்களில் மீன்வாடியிலும் அதே ஆட்டம்தான். அதில் காசு இல்லை, குற்றமும் இல்லை. இப்போது உவர்மலையிலும் உப்புவெளியிலும் இளைஞர்கள் கடதாசியில் காசு கட்டி ஆடும் போக்கருக்கு மேசை போட ஆசைப்படுகிறார்கள். “எங்கள் வீடு, எங்கள் காசு, வெளியாள் யாருமில்லை. இதில் என்ன குற்றம் அண்ணை?” என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள்.

வெளியாள் வராவிட்டால் குற்றமில்லை என்று நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். இலங்கையின் 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுச் சூதாட்ட இடத்தை இரண்டு விதமாக விளக்கியது. பணயம் வைத்து ஆடப் பயன்படுவதும் பொதுமக்கள் நுழையக்கூடியதுமான இடம் முதலாவது. இதை எல்லோரும் அறிவார்கள். வழமையாகப் பணயம் வைத்து ஆடுவதற்கென்றே வைத்திருக்கும் இடம் இரண்டாவது. அங்கே பொதுமக்கள் வரலாமா கூடாதா என்ற கேள்வியே எழாது. படலையைப் பூட்டி, தெரிந்த எட்டுப் பேரை மட்டும் உள்ளே விட்டாலும் அது பொதுச் சூதாட்ட இடம்தான்.

ஆகவே கவனிக்க வேண்டிய சொல் ‘வழமையாக’. பெருநாள் விடுமுறைக்கு வந்த மச்சான்மாரோடு ஓர் இரவு ஆடுவது ஒன்று. சனிக்கிழமைதோறும் அதே அறை, அதே மேசை, வட்சப் குழுவில் “இன்றைக்கு இருக்கை ஐயாயிரம்” என்று அறிவித்தல் இன்னொன்று. வீடு எந்த நாளில் சூதாட்ட இடமாக மாறியது என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு இதுதான் மிகுந்த கவலை. அந்தக் குழுவில் நாள், நேரம், தொகை எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதி வைத்திருப்பவரும் அவர்தான்.

அடுத்த தவறு, வேறு நாட்டுச் சட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது. “மேசைப் பணத்தில் பங்கு எடுக்காமல் அங்கத்துவக் கட்டணம் மட்டும் வாங்கினால் சரி” என்கிறார்கள். இது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த கதை. அங்கே ஆட்டம் தனிப்பட்ட இடத்தில் நடந்து, தன் வெற்றிப் பணம் தவிர வேறு பொருளாதார நன்மை எவருக்கும் கிடைக்காமல், திறமையும் அதிர்ஷ்டமும் போக வெற்றி தோல்வி வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருந்தால், குற்றச்சாட்டுக்கு எதிராக அதை ஒரு வாதமாக முன்வைக்கலாம். கட்டணம் வாங்கும் கழகங்கள் அந்த வரம்புக்குள் அடங்குமா என்று அங்கேயே வழக்காடியிருக்கிறார்கள். நம் 1889 சட்டத்தில் அப்படியொரு வாசல் இருக்கவில்லை. “போக்கர் திறமை விளையாட்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது” என்பவர்களும் உண்டு. 2023 இல் அப்படிச் சொன்னது உண்மை. அது தமிழ்நாட்டின் இணைய விளையாட்டுச் சட்டம் பற்றிய வழக்கு. திருகோணமலை நீதவானை அது கட்டுப்படுத்தாது. இந்தியாவிலும் 2025 இல் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது.

நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துவோர் ஒன்றைத் தனியாக மனதில் வைக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் கேட்கிறார்கள் என்று முற்றத்தில் மேசை போட்டுக் காசு ஆட்டத்துக்கு இடம் கொடுத்தால், அது பலரும் வந்துபோகும் இடம். வீடு என்ற போர்வை அங்கே கிடையாது. அனுமதிப்பத்திரமின்றி மதுவும் விற்றால் மதுவரிச் சட்டத்தின் கீழ் இன்னொரு வழக்கு வரும்.

விளையாட்டுக் கழகமாகப் பதிந்துவிட்டால் போதும் என்பதும் வீண் நம்பிக்கை. கழகப் பதிவு சூதாட்ட அனுமதி ஆகாது. கசினோ நடத்த 2010 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் தனி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கசினோ ஒன்றின் ஆண்டு வரி மட்டும் 2023 முதல் 50 கோடி ரூபா. வீட்டு அறையில் மேசை போடுபவருக்கு இது எந்த வகையிலும் எட்டாது.

2025 ஆகஸ்டில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய சூதாட்டக் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயச் சட்டம், 2010 கசினோச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் ஒரே அதிகாரசபையைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். “பழைய சட்டம் போய்விட்டது, இனித் தடையில்லை” என்று இதற்குப் பொருள் சொல்வது ஆபத்து. புதிய சட்டமும் உரிமத்தை மையமாகக் கொண்டதுதான். மேசை போட எண்ணும் நாளில் எந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது என்பதை வர்த்தமானியைப் பார்த்துச் சொல்லக்கூடிய சட்டத்தரணியிடம் கேளுங்கள். கையில் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கடனுக்கு ஆடவிடாதீர்கள். நம் நாட்டில் இன்னும் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டப்படி, சூதாட்டக் கடனை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. நீதிமன்றம் கைவிட்ட கடனை ஆட்களை அனுப்பிக் கேட்கத் தொடங்கினால், மிரட்டல் குற்றமும் சேர்ந்துவிடும். தோற்றவர் மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்த காசுக்கும் அதே கதிதான். மனம் வந்து கொடுத்ததை வழக்கால் திருப்பி வாங்க முடியாது.

பொலிஸார் வந்தால் பின்கதவால் ஓடுவதும் கடதாசிகளைக் கிணற்றில் எறிவதும் நிலைமையை மோசமாக்கும். தேடுதல் ஆணையுடன் நுழைந்த இடத்தில் சூதாட்டக் கருவிகள் அகப்பட்டால், அதையே எதிரான சான்றாகக் கொள்ள 1889 சட்டம் இடம் தந்தது. மேசையில் ஆடாமல் பக்கத்தில் இருந்தவரும் ‘நான் பார்க்கத்தான் வந்தேன்’ என்று விளக்க வேண்டிய நிலைக்கு ஆளாவார். அமைதியாக இருந்து தேடுதல் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்கு அறிவியுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்டு, விளங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.