‘குழந்தைகள் பார்க்கலாமா?’: அனிமேஷன் படங்களைப் பற்றி எழுதும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக எழுதத் தொடங்கிய பெற்றோர் சிலர், குடும்ப அனிமேஷன் படங்களைப் பற்றிய தங்கள் குறிப்புகளை என்னிடம் காட்டுவது வழக்கம். ‘வயிறு குலுங்கச் சிரிக்கலாம், எல்லா வயதினரும் பார்க்கலாம்’ என்ற வரி தவறாமல் இருக்கும். தொடக்கத்தில் நானும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன். கதையின் முடிவைப் போட்டு உடைப்பது போன்ற பிழைகளை நான்கு பேர் கண்டித்தால் தாமே திருத்திக்கொள்வார்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாரும் கண்டிப்பதில்லை.

‘எல்லா வயதினரும் பார்க்கலாம்’ என்பது

நண்பர் ஒருவர் ‘ஃபைண்டிங் நீமோ’வை மகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டார். “தாராளமாகக் காட்டுங்கள், என் மகன் உருண்டு புரண்டு சிரித்தான்” என்றேன். அந்தச் சிறுமிக்கு ஐந்து வயது. அவளுடைய அம்மா இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். 2003-இல் வந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே தாய் மீனும், ஒன்றைத் தவிர மற்ற முட்டைகள் அனைத்தும் சீலா மீனுக்கு இரையாகிவிடுகின்றன. அதுவும் எனக்குத் தெரிந்ததே. ஆனால் கேட்ட நொடியில் நினைவுக்கு வந்தவை மறதிக்கார நீல மீனின் கூத்தும் என் மகனின் சிரிப்பும்தான்.

அன்றிரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. “அம்மா மீன் எப்போது திரும்பி வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என்ன சொல்வது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

நம் பிள்ளை சிரித்த இடங்கள் நம் நினைவில் தங்கிவிடுகின்றன. அவனைத் தொடாமல் கடந்துபோன காட்சி நமக்கும் காட்சியாகவே தெரிவதில்லை. அந்த நினைவை வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகள் அனைவருக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இத்தகைய கதைகள் பலவற்றில் அம்மாவோ அப்பாவோ இறந்திருப்பார்கள், அல்லது பிள்ளை வீட்டைப் பிரிந்திருக்கும். காக்கும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் சிறுவன் சாகசத்துக்குக் கிளம்ப முடியாது என்பதால் கதாசிரியர்கள் அந்த வழியை நாடுகிறார்கள். ஆகவே நகைச்சுவைப் படம் என்றால் இழப்பு இருக்காது என்று எண்ண வேண்டாம். அதைத் தேடிப் பார்த்து எழுதுங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளையோடு பார்த்தீர்கள், எந்த இடத்தில் அது முகத்தை மூடிக்கொண்டது அல்லது மடியில் ஏறியது, மரணம், தொலைந்துபோதல், இருட்டில் துரத்தல் ஆகியவை உண்டா, பயம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள். ‘தொடக்கத்தில் ஒரு தாய் இறக்கிறாள்’ என்று சொல்வதால் யாருடைய சுவையும் கெட்டுவிடாது. இன்றும் ‘கார்ட்டூன் படம்தானே’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

சான்றிதழை மட்டும் நம்புவது

மேலே சொன்ன படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது, அனைவரும் பார்க்கலாம் என்னும் ‘ஜி’ சான்றிதழ்.

பெரியவர்களுக்கான நகைச்சுவையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது

இரட்டை அர்த்த வசனங்களைப் பட்டியலிட்டுக் கண்டிக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அவை புரிவதே இல்லை. குண்டாக இருப்பவரையும் திக்கிப் பேசுபவரையும் பார்த்துச் சிரிக்கவைக்கும் காட்சிகள்தான் மறுநாள் பள்ளியில் ஒலிக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுங்கள்.

ஒளியையும் ஒலியையும் மறப்பது

2018-இல் ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ வெளியானபோது, வெட்டி வெட்டி ஒளிரும் காட்சிகளால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்று பார்வையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு திரையரங்குகளில் எச்சரிக்கை அறிவிப்பு ஒட்டப்பட்டது. கவனித்து எழுதப்படும் இரண்டு வரிக்கு அவ்வளவு பயன் உண்டு. காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் ஓசை எங்கே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படம் முடிந்ததும் ‘பிடித்ததா?’ என்று கேட்பது

நம் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இரண்டு மூன்று நாள் பொறுத்திருந்து, விளையாட்டில் எந்தக் காட்சியை மறுபடி மறுபடி நடித்துப் பார்க்கிறார்கள் என்று கவனித்த பிறகு எழுத உட்காருங்கள்.