மலையேற்றத்தில் பழைய ஜீப் கொதித்தால்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய மஹிந்திரா ஜீப்பை ஏற்றும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறதா? ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விடலாம்.

சரி, காரணம்? மெதுவாக ஏறும்போது மட்டும் சூடானால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் இறுக்க வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ கழற்றி வீசியிருப்பார்கள்! அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றைச் சரியாக இழுக்காது.

சமதரையில் வேகமாகப் போனாலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். அதன் மெல்லிய உலோக இதழ்களில் காய்ந்த சேற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி, ஹோஸ் பைப்பில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் பிரஷரில் இதழ்கள் மடங்கிவிடும்.

எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள், திறக்காவிட்டால் புதிது மாட்டுங்கள்.

ஆறிய எஞ்சினை ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் தொடர்ந்து குமிழிகள் வந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு மேல் ஓட்டாமல் கட்டி இழுத்துப் போவதுதான் செலவு குறைவு.