பனிவெளியில் ஒரு கொக்கு: டிஜிட்டல் ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், குஷிரோ சதுப்பு நிலத்தை ஒட்டி வாழும் செந்தலைப் பெருங்கொக்கை வரைவது எளிதன்று. வெண்ணிறப் பறவையை வெண்ணிற நிலத்தில் நிறுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. கிரிட்டா, புரோகிரியேட், போட்டோஷாப் என எந்தச் செயலியில் வரைந்தாலும், இத்தகைய படங்கள் பெரும்பாலும் வெண்மையைப் பற்றிய தவறான எண்ணத்தால்தான் கெடுகின்றன.

கேன்வாஸ் முழுவதையும் தூய வெள்ளையால் நிரப்பிவிட்டு வரையத் தொடங்குவது அவற்றுள் முதன்மையானது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் 0 முதல் 255 வரை குறிக்கும் சாதாரண ஆர்ஜிபி படத்தில் 255, 255, 255 என்பதற்கு மேல் ஒளிமிக்க நிறம் கிடையாது; அதை நிலத்திற்கே செலவழித்துவிட்டால், வெயில் பட்டு மின்னும் பனிமேட்டின் விளிம்புக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால், அதன் அருகில் கொக்கின் இறகு சற்று மங்கிய பாலேட்டு நிறமாகத் தெரிவதே இயல்பு. கருப்பு நிரப்பிய லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓவியத் தாள் போன்றது) ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கீழுள்ளவற்றோடு அது கலக்கும் விதமான கலப்பு முறையை 'கலர்' என மாற்றினால் படம் சாம்பல் நிறத்தில் தெரியும். பறவையும் நிலமும் பிரிந்து நிற்கின்றனவா என்பதை அவ்வப்போது அவ்வாறு சோதித்துக்கொள்ள வேண்டும்.

நிழலைக் கருப்பாலோ வெறும் சாம்பலாலோ கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' லேயரில் பூசுவது அடுத்த பிழை. அது பனியை அழுக்காக்கிவிடும். தெளிந்த வானத்தின் கீழ், வெயில் எட்டாத பனியின்மேல் வானத்தின் ஒளி மட்டுமே விழுவதால் அந்த நிழல் நீலமாக இருக்கும். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1868–69 குளிர்காலத்தில் வரைந்த, இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள மேக்பை பறவை ஓவியத்தில், வேலியின் நீல நிழல்களே பனியைப் பனியாக உணரச் செய்கின்றன. ஆனால் மேகம் மூடிய வானத்தை வரைந்துவிட்டு, கூர்மையான நீல நிழலையும் சேர்த்தால் இரண்டும் பொருந்தா. பறவையின் அடிவயிற்றை வழக்கம்போல் இருட்டாக விடுவதும் தவறு: கீழேயுள்ள பனி ஒளியை மேல்நோக்கி எறிவதால் அப்பகுதி வெளிச்சமாகவே இருக்கும். இந்த ஒன்றைத் திருத்தினாலே, வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும் பறவை அந்த இடத்திலேயே வாழ்வதாகத் தோன்றத் தொடங்கும் என்பது என் உறுதியான கருத்து. முதுகின் விளிம்பைச் சில இடங்களில் பின்னணியோடு கரையவிடுவதும் இதற்குத் துணைபுரியும்.

பறவையைக் கூர்ந்து பார்க்காமல் வரைவதால் நேரும் பிழைகளும் பல. இக்கொக்கின் வாலைக் கருப்பாகத் தீட்டுவோர் மிகுதி. உண்மையில் வால் வெண்மையானது; மடிந்த சிறகின் உட்பக்கத்து நீண்ட கருப்பு இறகுகள் அதன்மேல் தொங்குவதாலேயே அப்படித் தெரிகிறது. பறக்கும்போது சிறகு நுனிகளும் வெண்மையாகவே இருக்கும். தலையுச்சியின் சிவப்பு இறகன்று, வெற்றுத் தோல். அதற்கு இறகு பிரஷ் பயன்படுத்தக் கூடாது. இதன் பின்விரல் சிறியதாகவும் சற்று உயர்ந்தும் இருப்பதால் கிளையைப் பற்ற இயலாது. பனி மூடிய பைன் மரத்தில் இதை அமர்த்துவது எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்யே. ஆழமற்ற ஆற்றுநீரிலோ, கால் சற்றுப் புதையும் பனியிலோ நிறுத்தி, பாதத்தைச் சுற்றி மெல்லிய நிழலிட்டால்தான் அது மிதக்காமல் நிற்கும்.

பொழியும் பனியை ஒரே அளவு வெள்ளைப் புள்ளிகளாக, ஆயத்த பிரஷ் ஒன்றால் தெளித்து முடித்துவிடுகிறார்கள். இருண்ட மரங்களுக்கு முன் வெண்மையாகத் தெரியும் துகள்கள், வெளிறிய வானத்திற்கு முன் சாம்பலாகத் தெரியும். அருகில் இருப்பவை பெரிதாகவும் கலங்கலாகவும், தொலைவில் இருப்பவை நுண்ணியவையாகவும் இருக்கும். எனவே அவற்றைக் குறைந்தது இரண்டு தனி லேயர்களில், காற்றின் ஒரே திசைக்கு ஏற்ப இட்டு, கொக்கின் கண்ணையும் அலகையும் மறைப்பவற்றை, லேயரின் ஒரு பகுதியை அழிக்காமலே மறைக்கும் மாஸ்க் கொண்டு நீக்கிவிடுவது நல்லது.