கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்: எஸ்யூவிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி ஒன்றில் என்ஜின் ஆயிலைத் தவிர இன்னும் நான்கு இடங்களில் ஆயில் இருக்கிறது. கியர் பாக்ஸ், அதன் பின்னால் ஒட்டியிருந்து சக்தியை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அந்தச் சக்தியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். என்ஜின் ஆயிலை மாற்றத் தவறாதவர்கள்கூட இந்த நான்கையும் மறந்துவிடுகிறார்கள். நினைவு வந்து மாற்றும்போதோ, ஒரே கேனை வாங்கி எல்லாவற்றிலும் ஊற்றச் சொல்கிறார்கள். ஆயிலே மாற்றாமல் விடுவதைவிடத் தப்பான ஆயிலை ஊற்றுவது சீக்கிரமாகக் கெடுக்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் "90 ஆயில்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த 90 கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதை ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறியீடுதான் சொல்லும். டிஃபரன்ஷியலின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி பெரிய அழுத்தத்தைத் தாங்குகின்றன. அங்கே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகமுள்ள ஜிஎல்-5 வேண்டும். மேனுவல் கியர் பாக்ஸின் கதை வேறு. அதில் பெரும்பாலும் பித்தளையில் செய்த சிங்க்ரோ ரிங்குகள் இருக்கும். கியர் மாற்றும்போது அவை உரசிப் பிடித்துத்தான் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்குகின்றன. ஜிஎல்-4 மட்டும் கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் அந்தப் பிடிப்பு குறையலாம். சில ஆயில்களில் உள்ள கந்தகம் பித்தளையையே அரிக்கும். சில மாதங்களில் இரண்டாவது, மூன்றாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கும். "5 என்றால் 4-ஐவிட உயர்ந்ததுதானே" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அது தர வரிசை இல்லை, வேலை வேறு.

கெட்டித்தன்மை எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. 75டபிள்யூ-90 என்றதும், 10டபிள்யூ-40 என்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் கியர் ஆயிலின் 90, என்ஜின் ஆயிலின் 40, 50-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும்" என்று ஓனர்ஸ் மேனுவலில் சொன்னதைத் தாண்டிப் போனால், காலையில் முதல் சில கிலோமீட்டருக்குக் கியர் இறுகும், மைலேஜும் கொஞ்சம் அடிபடும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "ஆட்டோமேட்டிக் ஆயில்" என்று ஒரே ஒரு ஆயில் கிடையாது. ஹூண்டாய் க்ரெட்டாவைப் பாருங்கள். ஃபோர் வீல் டிரைவ் இல்லை என்றாலும் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். டீசலில் டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம்) உள்ள பாக்ஸ், சாதாரண பெட்ரோலில் சிவிடி, டர்போ பெட்ரோலில் டூயல் கிளட்ச் என்று ஒரே பெயரில் மூன்று வகை ஆட்டோமேட்டிக் வருகிறது. சிவிடியில் உலோகப் பட்டை புல்லியை வழுக்காமல் கவ்விப் பிடிக்க வேண்டும், அந்தப் பிடிப்பைத் தரும் ஆயில் தனி. அதில் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) ஊற்றினால் பட்டை வழுக்கும், புல்லியில் கீறல் விழும், பாக்ஸையே மாற்ற வேண்டி வரும். டொயோட்டாவிலும் பழைய பாக்ஸ்களுக்கு டைப் டி-4, பிறகு வந்தவற்றுக்கு டபிள்யூஎஸ். பின்னது இன்னும் மெல்லியது. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக் கூடாது. ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லி ஆயில் கேட்காதீர்கள். பாக்ஸின் வகையையும், ஓனர்ஸ் மேனுவலில் அச்சிட்டிருக்கும் குறியீட்டையும் எழுத்து மாறாமல் சொல்லிக் கேளுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்வது இன்னொரு தவறு. ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பாக இருப்பது சாயம் கலப்பதால்தான். கியர் பாக்ஸ் தயாரிக்கும் ஜெட்எஃப் நிறுவனத்தின் 8 ஸ்பீடு பாக்ஸுக்கான லைஃப்கார்ட் 8 என்ற ஆயில் பச்சையாக இருக்கும். அதைப் பார்த்து வேறு ஏதோ ஊற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை.

கேனில் உள்ள வாசகத்தையும் நிதானமாகப் படியுங்கள். "இந்தத் தரத்துக்கு ஏற்றது" என்பது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. "அங்கீகரிக்கப்பட்டது" என்றால் வண்டி அல்லது பாக்ஸ் தயாரித்தவர்கள் சோதித்து ஒப்புக்கொண்டது. டெக்ஸ்ரான்-3 என்ற ஏடிஎஃப் தரத்துக்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்றைக்கும் அந்தப் பெயரோடு கடையில் இருக்கும் கேனுக்குப் பின்னால் அவர்களுடைய மேற்பார்வை இல்லை. எல்லா வண்டிக்கும் ஒத்துவரும் என்று விற்கும் ஆயில்களில் நல்லவையும் உண்டு. ஆனால் வாரண்டி இருக்கும் வரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

"லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்ற பேச்சு மிகவும் கெடுதலானது. சூட்டிலும் தேய்மானத் தூளிலும் எந்த ஆயிலும் கெடும். ஜெட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. முழு பாரத்தோடு அடிக்கடி மலை ஏறுபவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள், மணலில் ஓட்டுபவர்கள் இன்னும் முன்பே மாற்ற வேண்டும். மேனுவலில் கடினமான பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள்.

சரி, டிரான்ஸ்ஃபர் கேஸ். "நான் ஃபோர் வீல் போடுவதே இல்லை, அதில் என்ன தேயப் போகிறது" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். டூ வீல் டிரைவில் ஓடும்போதும் என்ஜினின் சக்தி அந்தப் பெட்டி வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. ஆயில் சிறிதளவுதான் இருக்கும், பல வண்டிகளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர். கொஞ்சம் கசிந்தாலே பாதிப்பு பெரிது. ஃபோர் வீல் போடாமலே வைத்திருப்பதும் நல்லதில்லை. மாதம் ஒரு முறை குறைந்தது 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் மேனுவல், முன்பக்க பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பார்ட் டைம் வகை என்றால் அதை மண் பாதையிலோ ஈரமான சாலையிலோ செய்யுங்கள். காய்ந்த தார் ரோட்டில் திருப்பினால் உள்ளே முறுக்கு ஏறும்.

இந்தப் பெட்டியிலும் ஆயில் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஏடிஎஃப், சிலவற்றில் கியர் ஆயில். டொயோட்டா ஃபோர்ரன்னர் போன்றவற்றில் 75டபிள்யூ மட்டும் உள்ள தனி ஆயில். ஜீப் கிராண்ட் செரோக்கியில் வந்த என்வி247 என்ற கேஸுக்கு அதற்கென்றே செய்த ஆயில்தான் வேண்டும், காரணம் உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகள். பிஎம்டபிள்யூவின் எக்ஸ்டிரைவ் என்ற ஃபோர் வீல் டிரைவிலும் அப்படித்தான். கிளட்ச் உள்ள கேஸில் தப்பான ஆயில் போனால், மெதுவாகத் திரும்பும்போது வண்டி உதறும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். முதலில் ஆயில் நிரப்பும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, மேலே உள்ள போல்ட் துரு ஏறிக் கழலாமல் நின்றால், ஆயில் இல்லாத வண்டியை டோ பண்ணித்தான் எடுத்துப் போக வேண்டும். அப்புறம், கேஸ் பெரும்பாலும் அலுமினியம், அதனால் புது வாஷர் போட்டு மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பலம் போட்டு இறுக்கினால் மரை போய்விடும். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி நிரப்பினால் அளவு தப்பாகும்.

டிரெயின் போல்ட் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் ஆயில் மாற்றுவதோடு நிறுத்தாமல் பாக்ஸைப் பரிசோதிக்க வேண்டும்.

பல புதிய ஆட்டோமேட்டிக்குகளில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ துளை வழியாக அளவு பார்ப்பார்கள். ஜெட்எஃப் 8 ஸ்பீடுக்கு அது 30 முதல் 50 டிகிரி. தமிழ்நாட்டு மே மாத மதியத்தில், ஓட்டிவந்த வண்டியில் உடனே பார்த்தால் சூட்டில் விரிந்த ஆயில் வழிந்து போகும், ஆறிய பிறகு அளவு குறைந்திருக்கும். காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்துக்கொண்டு, ஸ்கேனரில் சூட்டைப் பார்த்தபடி செய்யச் சொல்லுங்கள். டிரெயின் செய்தால் முழு ஆயிலும் வராது, டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். நீண்ட காலம் மாற்றாத பாக்ஸ் என்றால், அழுத்தம் கொடுத்துத் தள்ளும் மெஷின் ஃபிளஷ்ஷைவிட, சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இறக்கி நிரப்புவதையே நான் சொல்வேன். ஏற்கெனவே கியர் வழுக்கும் பாக்ஸ் என்றால் முதலில் கோளாறைக் கண்டுபிடியுங்கள், புது ஆயில் அதைச் சரிசெய்யாது.

2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் வண்டியோடு சிக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: டயர் பாதி மூழ்கினாலே டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆபத்து. இவற்றில் பிரீதர் என்ற சிறு மூச்சுத் துளை உண்டு. ஓடிச் சூடான கேஸ் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்தது போலத் தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் உடனே மாற்றுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு மீண்டும் ஒரு முறை இறக்கிப் பாருங்கள், மிச்ச ஈரம் அப்போது தெரியும். பிரீதர் குழாய் சேறு அடைக்காமல் இருக்கிறதா என்பதையும் அதே வேலையில் முடித்துவிடலாம்.