பைக்குக்கு எந்தப் பூட்டு வாங்குறது? முதல்ல வண்டி நிக்கிற இடத்தைப் பாருங்க

போன வருஷம் எங்க மாமா வண்டி மதுரை வில்லாபுரத்துல வீட்டு வாசல்லயே போயிருச்சு. சைடு லாக் போட்டுட்டுத்தான் படுத்தாரு, காலைல பால் வாங்கக் கதவத் திறந்தா வண்டி நின்ன இடத்துல எண்ணெய்ச் சொட்டு மட்டும் கெடக்கு. பதினோரு வருஷத்து வண்டி, இத எவன் எடுக்கப் போறான்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தோம். ஆனா பழைய வண்டிலதான் சாவியும் சாவித் துவாரமும் தேஞ்சு போயிருக்கும், வேற சாவியப் போட்டு ஆட்டுனாலே திறந்துக்கிரும். உங்க வண்டில இப்பவே ஒண்ணு பாருங்க, சாவிய ஆன்ல வச்சிட்டு அப்படியே வெளிய உருவுங்க, கையோட வந்துச்சுன்னா மொதல்ல லாக் செட்ட மாத்துங்க, அலாரம் ஜிபிஎஸ் எல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

சைடு லாக்க மட்டும் நம்பாதீங்க. உள்ள இருக்கிறது சின்ன இரும்பு முளை, ஹேண்டில் நீளமா இருக்கிறதால ஓங்கி ஒரு மிதி மிதிச்சா அது ஒடஞ்சிரும், சத்தமும் பெருசா வராது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது ஒண்ணுதான், உங்க வண்டி அதிக நேரம் எங்க நிக்குது. ராத்திரி பூரா தெருவுல நிக்கிற வண்டிக்கு செயின்தான் சரி, ஏன்னா டிஸ்க் லாக், அதாவது டிஸ்க் பிரேக் தட்டோட ஓட்டைல மாட்டுற பூட்டு, எவ்வளவு தரமா இருந்தாலும் ரெண்டு பேர் வண்டியத் தூக்கி குட்டியானை லோடு வண்டில ஏத்திட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அசையாத ஒண்ணோட வண்டியக் கட்டணும், வீட்டு கேட் தூணு, தரைல காங்கிரீட் போட்டு பதிச்ச இரும்பு வளையம் இப்படி ஏதாச்சும். சைக்கிளுக்குப் போடுற நூறு இருநூறு ரூபா கேபிள் லாக் வேணாம், பிளாஸ்டிக் தோலுக்குள்ள வெறும் கம்பிப் புரிதான் இருக்கும், கட்டர் வச்சா நறுக்குன்னு போயிரும். கண்ணி சதுரமா, கெட்டிப்படுத்துன ஸ்டீலா, துணி உறை போட்டதா பாத்து வாங்குங்க. பின் சக்கரத்துக்குள்ள விட்டு அந்தச் சக்கரத்தத் தாங்குற ஸ்விங் ஆர்மையும் சேத்து சுத்தி தூணோட இறுக்குங்க, முன் சக்கரத்துல மட்டும் போட்டா சக்கரத்தக் கழட்டி விட்டுட்டு மிச்ச வண்டியக் கொண்டு போயிருவாங்க. முக்கியமா செயின் தரைல படக் கூடாது, தரைல கெடந்தா கட்டரோட ஒரு கைய மண்ணுல ஊனிக்கிட்டு ஒடம்பு எடையப் போட்டு அமுக்கி வெட்டிருவாங்க, அந்தரத்துல தொங்குனா அது கஷ்டம்.

செயினுக்குத் தனிப் பூட்டு வேணும்னா நமக்குப் பக்கத்துலயே திண்டுக்கல் பூட்டு இருக்கு, 2019ல புவிசார் குறியீடு வாங்குனது. ஆனா கொண்டி, அதாவது பூட்டோட வளைஞ்ச கம்பி, குட்டையா தண்டியா இருக்கிறதா பாத்து எடுங்க, நீளக் கொண்டின்னா கட்டர் வாய் உள்ள நுழைஞ்சிரும். மழைக்கு முன்னாடி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்ருங்க.

டவுன்ஹால் ரோட்ல அரை மணி நேரம், மாசி வீதில ஜவுளி எடுக்க ஒரு மணி நேரம்னு நிறுத்துறவங்களுக்கு டிஸ்க் லாக் போதும். முன்னாடி டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு இது சேராது, கடையிலயே உங்க டிஸ்க் ஓட்டைக்குள்ள முளை முழுசா போகுதான்னு போட்டுப் பாத்து வாங்குங்க. லாக்ல இருந்து ஹேண்டிலுக்கு ஒரு கலர் சுருள் கயிறு மாட்டுவாங்க, அத வேணாம்னு சொல்லிறாதீங்க, மறந்துபோய் வண்டிய எடுத்தா சக்கரம் கப்புன்னு நின்னு ஆளத் தூக்கி அடிச்சிரும்.

ரிமோட் அலாரம் மாட்டுறவங்க பேட்டரியப் பாருங்க. தினமும் வேலைக்கு ஓட்டுற நெறைய கம்யூட்டர் வண்டில இருக்கிறது 3 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி. அலாரம் சும்மா இருக்கையிலயே 20 மில்லிஆம்பியர் இழுத்துச்சுன்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அர ஏஎச் போகும், ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து பட்டன அமுக்குனா செல்ஃப் எடுக்காது. கம்மியா கரண்ட் இழுக்குறதா கேட்டு வாங்குங்க. அப்புறம் லாரி போற அதிர்வுக்கெல்லாம் கத்துனா ரெண்டாவது நாளே தெருவுல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அதனால சென்சார் அளவக் கொறைச்சு வைக்கணும்.

எனக்குப் பிடிச்சது மறைவு ஸ்விட்ச்தான், யாருக்கும் தெரியாத இடத்துல வச்சு ஆஃப் பண்ணிட்டா சாவி போட்டாலும் இன்ஜின் ஓடாது, செலவு ரொம்பக் கம்மி. கார்புரேட்டர் வண்டின்னா இக்னிஷன் காயில் வயர்ல, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டின்னா ஃபியூயல் பம்ப் வயர்ல ஒரு ஸ்விட்ச். தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் கைல குடுத்து சால்டர் வச்சு ஸ்லீவ் போட்டு செய்யச் சொல்லுங்க, வெறுமனே முறுக்கி டேப் சுத்துனா ஓட்டுறப்பவே ஆஃப் ஆகும். வாரண்டி ஓடுற வண்டில மட்டும் வயரத் தொடாதீங்க.

ஜிபிஎஸ் திருட்டத் தடுக்காது, போனதுக்கப்புறம் தேட உதவும், அவ்வளவுதான். உள்ளயே பேக்கப் பேட்டரி இருக்கா, சிம் ரீசார்ஜ் வருஷத்துக்கு எவ்வளவுன்னு கேளுங்க, சீட்டுக்கு அடில வைக்காதீங்க, அங்கதான் மொதல்ல தேடுவாங்க. போன்லயே இன்ஜின ஆஃப் பண்ற வசதி இருந்தா வண்டி நின்னுக்கிட்டு இருக்கப்ப மட்டும் பயன்படுத்துங்க, ரிங் ரோட்ல ஓடுற வண்டிய நிறுத்துனா பின்னாடி வர்றவன் உயிருக்கே ஆபத்து. லொகேஷன் காட்டுதுன்னு நீங்களா கெளம்பிப் போகாதீங்க, ஸ்டேஷன்ல காட்டுங்க.

சித்திரைத் திருவிழால அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கப் போறப்ப தல்லாகுளம் கோரிப்பாளையம் சந்துல சொருகாம டோக்கன் குடுக்குற ஸ்டாண்டுல விடுங்க, அந்தக் கூட்டத்துல ஒருத்தன் வண்டிய உருட்டிக்கிட்டுப் போனா யாருக்கும் சந்தேகம் வராது.

இன்சூரன்ஸ்ல வெறும் தேர்டு பார்ட்டி வச்சிருந்தா திருட்டுக்கு ஒரு பைசா கெடைக்காது, மாமாவுக்கு அதுதான் ஆச்சு. முழு பாலிசி இருந்தாலும் கிளைம் பண்றப்ப ரெண்டு சாவியவும் கேப்பாங்க, எஃப்ஐஆரும் வேணும், வண்டி கெடைக்கலன்னு போலீஸ் குடுக்குற சர்டிஃபிகேட்டும் வேணும். அதனால ஸ்பேர் சாவிய பீரோவுல வைங்க, ஆர்சியையும் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் போட்டோ எடுத்து வீட்ல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க.