எவால்வுலஸ் செடிக்கு நடுவில் விழுந்த வழுக்கை

தரையோடு படரும் நீலப்பூ எவால்வுலஸ், விளிம்பில் பூத்துக் குலுங்கியது, நடுவில் மட்டும் இலை பழுத்துத் தண்டு கருத்து வழுக்கை விழுந்துகொண்டே வந்தது. வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினேன், வழுக்கை பெரிதானது. தழைச்சத்து உரம் போட்டதில் இலைதான் வந்தது. வேப்பெண்ணெயும் வீண், அங்கே பூச்சியே கிடையாது.

துப்பு கொடுத்தது பாதைப் பக்கம் ஓடியிருந்த சில தண்டுகள். சரளைக்கல் மேல் கிடந்தவை எல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தன! நடுவில் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தால் உச்சி வெயிலிலும் அடியில் ஈரம், ஒரு புழுங்கல் வாடை. இந்த இலையில் பட்டுப்போல மெல்லிய ரோமம் உண்டு, அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அது போதும்.

அப்புறம் கருத்த தண்டுகளை வெட்டி எறிந்து, மீதியையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அடியில் மக்கிய சருகை வாரிவிட்டு விரல் கனத்துக்குச் சரளை பரப்பினேன். தண்ணீர் காலையில் மட்டும், வேரடியில், மண் காய்ந்த பிறகு. நடுவிலிருந்தே துளிர் வந்துவிட்டது, பூ வைப்பதும் புதுத் துளிரில்தான். அப்பாடா.

இன்னொன்று, பூ மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும், மேகமூட்டத்தில் சரியாக விரியாது. அதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்க வேண்டாம்.